எழுவதும் எழுப்புவதும்: 'ரைஸ்', 'ரெய்ஸ்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். நர்சிங் படிக்கும் பெண்கள், ராணுவத்துக்கும் போலீசுக்கும் தேர்வு எழுதும் பையன்கள், பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தாங்களே கற்க வரும் அம்மாக்கள் என்று பலரும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்டே தீரும் கேள்வி ஒன்று இருக்கிறது. உயர்த்துவது, தூக்குவது, எழுப்புவது, வளர்ப்பது, திரட்டுவது என்று இத்தனைக்கும் 'ரெய்ஸ்' என்ற ஒரே சொல் வருகிறதே, அதை எப்படிப் பிடித்துக்கொள்வது? கூடவே 'ரைஸ்' வேறு வந்து குழப்புகிறதே? வகுப்பில் சொன்ன பதில்களைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் முழுவதும் 'ரைஸ்' என்றால் ஆர், ஐ, எஸ், இ. 'ரெய்ஸ்' என்றால் ஆர், ஏ, ஐ, எஸ், இ. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரைஸ், ரெய்ஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

'எழு', 'எழுப்பு' இரண்டுக்கும் என்ன வித்தியாசமோ அதேதான். தானாக மேலே போனால் ரைஸ். இன்னொருவரோ இன்னொன்றோ மேலே போகச் செய்தால் ரெய்ஸ். புகை எழுகிறது, சூரியன் உதிக்கிறது, பாலாற்றில் வெள்ளம் வரும் வருஷத்தில் நீர்மட்டம் உயர்கிறது: இதெல்லாம் ரைஸ். சுவர் எழுப்புகிறோம், குரலை உயர்த்துகிறோம், கொடியை ஏற்றுகிறோம்: இதெல்லாம் ரெய்ஸ்.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று ஒரு பாடம் வந்திருக்கும். உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். அப்போது மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்தப் பாடம் இங்கே அப்படியே கை கொடுக்கும். ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. 'எதை?' என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். எதை எழுப்பினார்? சுவரை. பதில் வந்துவிட்டது, எனவே ரெய்ஸ். எதை எழுந்தார்? கேள்வியே நிற்கவில்லை, எனவே ரைஸ்.

சொல்லும்போது எல்லாமே சோறு மாதிரிதான் கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஓட்டலில் 'ஒரு ரைஸ்' என்று கேட்டால் வருவது சோறு. அந்தச் சொல்லின் முடிவில் வெறும் காற்றுதான் வரும், பாம்பு சீறுவதுபோல. எழுவதைச் சொல்லும் ரைஸின் முடிவில் வண்டின் ரீங்காரம் இருக்கும். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் விரலுக்கு அதிர்வு தெரிந்தால் சரியாகச் சொல்கிறீர்கள். ரீங்காரம் வரும் சொல்லில் அதற்கு முந்திய உயிர் ஒலியும் கொஞ்சம் நீளும். சோற்றில் அது சட்டென்று நிற்கும்.

ரெய்ஸ் என்பதற்கும் இதே வண்டு முடிவுதான். ஓட்டப்பந்தயத்தைச் சொல்லும் 'ரேஸ்' பாம்பு முடிவு. தமிழில் இந்த ரீங்கார ஒலிக்குத் தனி எழுத்து இல்லை என்பதால் காது அதைப் பிரித்துக் கேட்கப் பழகியிருக்காது. ஒரு வாரம் விரல் வைத்துப் பழகினால் காது திறந்துகொள்ளும். என் வகுப்பில் முதல் வாரம் முழுக்க எல்லாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ரைஸ், ரோஸ், ரிஸன் என்று மாறுகிறது. ரெய்ஸ் மட்டும் ஏன் ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட் என்று ஒரே மாதிரி?

ரைஸ்தான் மூலச் சொல். அது உள்ளேயே உயிரெழுத்தை மாற்றிக் காலத்தைக் காட்டும் பழைய வகை. ரெய்ஸ் அதிலிருந்து பிறந்த சொல். பிறந்த சொற்கள் பொதுவாக ஒழுங்கான விகுதியை எடுத்துக்கொள்ளும்.

தமிழிலும் இப்படித்தான். எழுந்தான், ஆனால் எழுப்பினான். உயர்ந்தான், உயர்த்தினான். நடந்தான், நடத்தினான். விழுந்தான், வீழ்த்தினான். வலது பக்கம் இருப்பவை எல்லாம் 'இனான்' என்றே முடிவதைப் பாருங்கள். செய்ய வைக்கும் வினை ஒழுங்கான பாதையில் போகும். இந்த வரிசையைப் பலகையில் எழுதிய பிறகு ரோஸ், ரிஸன் என்பதையும் ரெய்ஸ்ட் என்பதையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

ரெய்ஸ் எங்கிருந்து வந்தது? அது ஆங்கிலச் சொல்தானே?

பிறந்த வீடு வேறு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் 793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கினார்கள். பிறகு வந்தவர்களில் பலர் அங்கேயே நிலம் பிடித்துக் குடியேறினார்கள், பெண் எடுத்தார்கள், சந்தையில் கலந்தார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் எழுவதற்கு 'ரீஸா', எழுப்புவதற்கு 'ரெய்ஸா'. அந்த ரெய்ஸாதான் 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் ரெய்ஸ் ஆகத் தலைகாட்டுகிறது. முட்டையைச் சொல்லும் 'எக்', வானத்தைச் சொல்லும் 'ஸ்கை', எடுப்பதைச் சொல்லும் 'டேக்', 'அவர்கள்' என்று சொல்லும் 'தே' எல்லாமே அந்த வழியில் வந்தவை.

பக்கத்து வீட்டுக்காரர் மொழியிலிருந்து இவ்வளவு சாதாரணச் சொற்கள் வருமா என்று ஒரு பையன் கேட்டான். நம்ம ஊர்ப் பேச்சையே கவனிக்கச் சொன்னேன். 'ஒரு தபா சொன்னா புரியாதா' என்கிறோம், அந்தத் தபா உருது வழியாக வந்தது. 'ஜாஸ்தி', 'உஷார்' எல்லாம் அப்படியே. நவாபு காலத்திலிருந்து உருது பேசுகிறவர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்ததால் வந்த சொற்கள். 'அதிகம்' இருக்கும்போதே 'ஜாஸ்தி'யும் இருக்கிறது. ஆங்கிலத்திலும் எழுப்புவதற்கு ஏற்கெனவே சொந்தச் சொல் ஒன்று இருந்தது. அதுதான் இன்றைய 'ரியர்'. ரெய்ஸும் ரியரும் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள். ஒன்றில் 'ஸ்' ஒலி நின்றது, மற்றதில் அது 'ர்' ஆனது. இருந்ததைச் சொல்லும் ஒரே வினை 'வாஸ்', 'வேர்' என்று இரண்டு விதமாக வருவதும் இதே பழைய ஒலி மாற்றத்தால்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்வீடன், டென்மார்க் பக்கம் ரூனிக் என்ற பழைய எழுத்து பொறித்த நினைவுக் கற்கள் ஏராளமாக நிற்கின்றன. இறந்த தகப்பனுக்காகவோ அண்ணன் தம்பிக்காகவோ நட்ட கற்கள். 'இன்னார் தன் தகப்பன் நினைவாக இந்தக் கல்லை எழுப்பினார்' என்பதுதான் வழக்கமான வாசகம். அந்த 'எழுப்பினார்' இருக்கும் இடத்தில் இருப்பது இதே ரெய்ஸா வினைதான். நம் வட ஆற்காட்டுப் பக்கம் வாருங்கள். ஆம்பூரிலும் செங்கத்திலும் ஆநிரை காத்து இறந்த வீரர்களுக்கு நடுகல் நிற்கிறது. கையில் வில்லும் வாளுமாக ஒரு ஆள், தலைக்கு மேல் இரண்டு மூன்று வரிப் பழைய எழுத்து. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள், செத்தவரை மறக்காமலிருக்கக் கல்லை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு அங்கே பயன்பட்ட வினைதான் இன்று நம் பிள்ளைகள் 'ரெய்ஸ் யுவர் ஹேண்ட்' என்று வகுப்பில் கேட்பது.

தமிழில் 'எடு' என்பதும் தூக்குவதுதானே? அதையும் ரெய்ஸோடு சேர்க்கலாமா?

தாராளமாக. 'எடு' என்பதன் பழைய பொருள்களில் தூக்குவதும் கட்டுவதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி', அதாவது கற்கோயில், என்கிறான். 'எடுத்த' என்று இல்லை, 'எடுப்பிச்ச'. அவன் கையால் கல் தூக்கவில்லை, தூக்க வைத்தான். காட்பாடிக்கு வடக்கே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது. அங்கே தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது இறந்தவர் நினைவுக் கோயிலாக, அவன் எடுப்பித்த கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எழு, எழுப்பு, எழுப்புவி. எடு, எடுப்பி. தமிழில் ஒரு வினையோடு இன்னும் ஒரு படி சேர்த்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி எப்போதோ நின்றுவிட்டது. எழுப்ப வைத்தான் என்று சொல்ல அங்கே 'ஹேட் இட் ரெய்ஸ்ட்' என்று தனித்தனிச் சொற்களை அடுக்க வேண்டும்.

அப்படியானால் ரைஸ், ரெய்ஸ் போல ஆங்கிலத்தில் வேறு ஜோடிகள் இல்லையா?

சில மிச்சம் இருக்கின்றன. 'சிட்', 'செட்': அமர், அமர்த்து. 'லை', 'லே': கிட, கிடத்து. இந்த ஜோடி ரைஸ், ரெய்ஸை விட அதிகம் குழப்பும், ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள். 'ஃபால்', 'ஃபெல்': வீழ், வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு 'ஃபெல்' என்பார்கள்.

நான்காவது ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். குடிப்பது 'டிரிங்க்', குடிக்க வைப்பது 'டிரென்ச்'. மழையில் தொப்பலாக நனைவதற்கு இன்று அந்தச் சொல்லைச் சொல்கிறோம். ஆனால் கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாய் வழியாக மருந்து புகட்டுவதை இன்றும் டிரென்ச் என்றுதான் சொல்கிறார்கள். மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றி, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டும் காட்சியை கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். உண், ஊட்டு என்ற நம் ஜோடிக்கு நேர் உறவு இது.

'மை கிராண்ட்மதர் க்ரூ மீ' என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார். ஏன்?

இந்தப் பிழையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது வரும் வழியும் தெரியும். தமிழில் வளர்ந்தேன், வளர்த்தாள் இரண்டும் ஒரே 'வளர்'. ஒரு 'த்' அழுத்தத்தில் பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'க்ரோ' என்பதைச் செடிக்கு இரண்டு விதமாகவும் சொல்லலாம்: செடி வளர்கிறது, செடியை வளர்க்கிறோம். பிள்ளைக்கு அப்படி இல்லை. பிள்ளை வளர்வது 'க்ரோ அப்'. வளர்ப்பது 'ரெய்ஸ்' அல்லது 'பிரிங் அப்'. எனவே 'மை கிராண்ட்மதர் ரெய்ஸ்ட் மீ'.

ஒரு காலத்தில் ஆங்கில ஆசிரியர்கள் 'பயிரையும் பன்றியையும்தான் ரெய்ஸ் செய்வோம், பிள்ளையை ரியர் செய்ய வேண்டும்' என்று கண்டிப்பாகச் சொல்லித்தந்தார்கள். அமெரிக்காவில் அந்த விதி தோற்றுப்போனது. அங்கே 'பார்ன் அண்ட் ரெய்ஸ்ட்' என்பார்கள். நேர்முகத் தேர்வில் நம் பையன்கள் 'பார்ன் அண்ட் பிராட் அப் இன் வேலூர்' என்கிறார்கள். இரண்டுமே சரி, மாற்ற வேண்டாம்.

இன்னொன்றும் இதோடு ஒட்டியது. 'அம்மா என்னை ஐந்து மணிக்கு எழுப்பினாள்' என்பதை 'ரெய்ஸ்ட் மீ' என்று எழுதாதீர்கள். அது அம்மா என்னை வளர்த்தாள் என்றாகிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்புவது 'வேக் அப்'. எழு, எழுப்பு என்ற சாவி பெரும்பாலான பூட்டைத் திறக்கும். இந்தப் பூட்டுக்கு மட்டும் அது சேராது.

விலை ஏறியதா, ஏற்றினார்களா? சம்பள உயர்வுக்கு எந்தச் சொல்?

முள்ளுக்கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது: 'ஹேஸ் ரிஸன்'. கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார்: 'ஹேஸ் ரெய்ஸ்ட்'. ஏறு, ஏற்று என்று நினைத்துக்கொண்டால் தடுமாற்றம் இல்லை. செய்தித்தாள் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். 'கட்டணம் உயர்ந்தது' என்றால் உயர்த்தியவர் வாக்கியத்தில் இல்லை. 'கட்டணத்தை உயர்த்தினர்' என்றால் இருக்கிறார். எந்த மொழியில் எழுதினாலும் இந்தத் தேர்வு எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

சம்பள உயர்வு பிரிட்டனில் 'பே ரைஸ்', அமெரிக்காவில் 'பே ரெய்ஸ்', நம் ஆபீஸ்களில் 'ஹைக்' அல்லது 'இன்கிரிமென்ட்'.

ஆற்காடு முற்றுகை பற்றிப் படித்தேன். 'ரெய்ஸ்ட் தி சீஜ்' என்று போட்டிருக்கிறது. முற்றுகையை ஆரம்பித்தார்களா?

முடித்தார்கள். நம் மாவட்ட வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கிற யாரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் பெரிய படையோடு வந்து வளைத்தான். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, சுமார் 50 நாள். உள்ளே சாப்பாடு குறைந்தபோது நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கஞ்சி என்ற நம் சொல் 'காஞ்சி' என்று ஆங்கிலத்தில் ஏறிய சொல்தான். நவம்பர் 14 அன்று நடந்த கடைசித் தாக்குதல் தோற்றதும் ராசா சாகிப் படையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதைத்தான் புத்தகம் 'ரெய்ஸ்ட் தி சீஜ்' என்கிறது.

ஏன் இந்தச் சொல்? 'சீஜ்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதன் முதல் பொருள் இருக்கை. ஊரைச் சுற்றிப் படை உட்கார்ந்துகொள்வதுதான் முற்றுகை. உட்கார்ந்த படை எழுந்து போனால் முற்றுகை முடிந்தது. நாமும் 'கூடாரத்தை எடுத்துவிட்டார்கள்', 'தடையை எடுத்துவிட்டார்கள்' என்கிறோமே, அந்த 'எடு' எப்படித் தூக்குவதிலிருந்து நீக்குவதற்குப் போனதோ அதே போக்கு. தடையுத்தரவை நீக்குவதற்கு ஆங்கிலத்தில் 'லிஃப்ட்' என்றும் சொல்வார்கள். பாலாற்றங்கரையில் மிச்சம் நிற்கும் டெல்லி கேட் பக்கம் போனால் இந்த வாக்கியத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

வேலூர் கோட்டை விஷயத்தில் 'தி சிப்பாய்ஸ் ரோஸ்' என்று வருகிறது. தூங்கி எழுந்தார்களா?

1806 ஜூலை 10, விடிவதற்கு முன். தூங்கியது வெள்ளைக்காரப் படை, எழுந்தது நம் சிப்பாய்கள். ரைஸ் என்பதற்குக் கிளர்ந்தெழுவது என்ற பொருளும் உண்டு. 'அப்ரைஸிங்' என்பது அதிலிருந்து வந்தது. தமிழில் நாம் வேலூர்ச் சிப்பாய் எழுச்சி என்கிறோம், 'எழு' அங்கேயும் நிற்கிறது. ஆங்கிலேயர் எழுதியவற்றில் பெரும்பாலும் 'மியூட்டினி', அதாவது கலகம் என்றே இருக்கும். என்னைக் கேட்டால் எழுச்சி என்பதே சரியான சொல், வகுப்பில் அப்ரைஸிங் என்றுதான் எழுதச் சொல்கிறேன்.

தலைப்பாகையை மாற்று, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்று வந்த உத்தரவுகளால் வெந்துபோயிருந்த சிப்பாய்கள் அன்று எழுந்து, கோட்டை மேல் மைசூர்ச் சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினையும் வந்துவிடுகிறது: 'தி சிப்பாய்ஸ் ரோஸ் அண்ட் ரெய்ஸ்ட் தி ஃப்ளாக்'. இதைத்தான் நான் எப்போதும் பலகையில் முதல் உதாரணமாக எழுதுகிறேன். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி கதவு வழியாக நுழைய முடியாமல், மேலே இருந்தவர்கள் இறக்கிய கயிற்றையும் ஒரு சார்ஜண்டின் இடுப்புத் துணியையும் பிடித்து மதிலில் ஏறினான். பிறகு நடந்த படுகொலையும் நம் ஊர் அறிந்ததுதான்.

கொடிக்கு 'ரெய்ஸ்' என்பதா, 'ஹாய்ஸ்ட்' என்பதா?

இரண்டும் சரி. ஹாய்ஸ்ட் கடலோடிகளின் சொல், கயிறு போட்டு இழுத்து ஏற்றுவதைக் குறிக்கும். ஆகஸ்ட் 15-இல் கொடி கீழிருந்து மேலே போகிறது, அதற்கு ஹாய்ஸ்ட். ஜனவரி 26-இல் கொடி மேலேயே மடித்துக் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்ததும் விரியும். அதற்கு 'அன்ஃபர்ல்' என்பார்கள்.

'ரெய்ஸிங் டே' என்றால் என்ன?

ஒரு படை உருவாக்கப்பட்ட நாள். ஆள் சேர்த்துப் படை திரட்டுவதற்கு ஆங்கிலத்தில் ரெய்ஸ். மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை 1969 மார்ச் 10-இல் உருவானது. அதன் 56-ஆவது ரெய்ஸிங் டே 2025 மார்ச்சில் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் உள்ள பயிற்சி மையத்தில் நடந்தது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதே இல்லை. அப்பாவின் சீருடைப் படங்களிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பணம் திரட்டுவதற்கும் ரெய்ஸ்தான். ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் வேலூரில் ஆஸ்பத்திரி கட்ட அமெரிக்காவில் நிதி கேட்டபோது, ஷெல் என்ற வங்கியாளர் தன் இறந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் 40 படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரி எழுந்தது. இந்த இடத்தில் தமிழில் 'எழுப்பு' வராது, 'திரட்டு' என்பதே நம் சொல். படை திரட்டு, நிதி திரட்டு. சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கி நிமிர்த்துவது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட், ரெய்ஸ்: எதை எங்கே?

லிஃப்ட் என்பதும் நார்ஸ் மொழிச் சொல்தான். அதன் வேரில் காற்று இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'லுஃப்ட்' என்றால் காற்று, லுஃப்தான்சா என்ற விமான கம்பெனியின் பெயரில் இருப்பதும் அது. எனவே லிஃப்ட் என்றால் தரையை விட்டுக் காற்றில் தூக்குவது. மூட்டையை லிஃப்ட் செய்கிறோம். ரெய்ஸ் என்றால் இருந்த நிலையிலிருந்து உயர்த்துவது, அடி தரையிலேயே இருக்கலாம்.

நர்சிங் மாணவிகளுக்கு இந்த வேறுபாடு தினமும் வேலைக்கு வரும். நோயாளிக்கு மூச்சு வாங்கினால் கட்டிலின் தலைப்பக்கத்தை ரெய்ஸ் செய்ய வேண்டும். கட்டில் அங்கேயேதான் இருக்கும், கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு பக்கம் மட்டும் சரிவாக மேலே வரும். நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது நாலு பேர் சேர்ந்து லிஃப்ட் செய்கிறார்கள். முதுகுவலிக்காரரைப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் உயர்த்திப் பார்க்கும் சோதனைக்குப் பெயர் 'ஸ்ட்ரெய்ட் லெக் ரெய்ஸ்'. ரிப்போர்ட்டில் 'ரெய்ஸ்ட்' என்று இருந்தால் அந்த அளவு இருக்க வேண்டியதை விடக் கூடியிருக்கிறது என்று பொருள், அதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

மெக்கானிக் 'நல்லா ரைஸ் பண்ணுண்ணா' என்கிறாரே, அது?

ஆக்ஸிலரேட்டரை முறுக்கச் சொல்கிறார். காட்பாடி சாலை ஓரப் பட்டறையில் அண்ணன் தம்பி மாதிரி நின்றுகொண்டு பைக் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்கிறவர்களின் சொல் அது. பட்டறையில் அப்படியே சொல்லுங்கள், எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது மட்டும் 'ரெவ்' என்று சொல்லுங்கள். இன்ஜின் சுழற்சியைச் சொல்லும் 'ரெவல்யூஷன்' குறுகி வந்த சொல். லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'ரெய்ஸ் ஹாரன்' என்று ஒருவர் மொழிபெயர்த்தார். ஹாரனுக்கு 'சவுண்ட்' அல்லது 'பிளோ'.

ஆபீஸில் டிக்கெட் ரெய்ஸ், இன்வாய்ஸ் ரெய்ஸ், டவுட் ரெய்ஸ் எல்லாம் சரியான ஆங்கிலமா?

சரிதான். ஒரு விஷயத்தைப் பிறர் பார்வைக்கு மேலே கொண்டுவருவது என்பதே இவற்றின் பொருள். 'கேள்வி எழுப்பினார்' என்பது அப்படியே 'ரெய்ஸ்ட் எ கொஸ்டின்'. கேள்வி தானாக எழுந்தால் 'அரோஸ்'. 'டவுட்' பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. நாம் பாடத்தில் சந்தேகம் கேட்கிறோம், ஆனால் 'ரெய்ஸ் எ டவுட்' என்றால் நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். மேனேஜரிடம் 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள்.

கணக்கில் 'டூ ரெய்ஸ்ட் டு த்ரீ' என்பதும் இதுதானா?

இதேதான். அடுக்கு எண்ணை மேலே தூக்கிச் சின்னதாக எழுதுகிறோம், மதிப்பும் உயர்கிறது.

'ரியர் வியூ மிரர்' என்பதில் உள்ள ரியர் வளர்ப்பதா?

இல்லை, அது வேறு வீட்டுப் பிள்ளை. பின்பக்கம் என்ற பொருளில் வரும் ரியர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எழுப்புவதைச் சொல்லும் ரியருக்கு ஒரு நல்ல படம் வேண்டுமானால் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழும் குதிரைகள் தூணில் இருக்கின்றன, மேலே வீரன், கீழே ஆள். வாய் திறந்து, கடிவாளத்தின் கணு வரை கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'ரியரிங் ஹார்ஸ்'.

ரெய்ஸ் என்று ஒலிக்கும் ஒரு சொல்லுக்கு இடிப்பது என்று அகராதி சொல்கிறதே?

ஆர், ஏ, இஸட், இ என்று எழுதும் சொல் அது. லத்தீனில் சுரண்டுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது, முகம் மழிக்கும் 'ரேஸர்' அதன் உறவு. ஊரைத் தரைமட்டமாக்குவது. ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர். எழுத்தில் கவனமாக இருங்கள், பேச்சில் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

சமையலறையில் சொல்லித்தாருங்கள். ராத்திரி இட்லி மாவைக் கரைத்துப் பாத்திரத்தில் பாதிக்கு வைக்கிறீர்கள். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு ஓரத்தில் வழிந்திருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாவு 'ரோஸ்'. மூடியை மேலே தள்ளியது எது? மாவு. எனவே மாவு மூடியை 'ரெய்ஸ்ட்'. அப்புறம் கரண்டியைப் பிள்ளை கையில் கொடுத்துக் கிளறச் சொல்லுங்கள், மாவு இறங்கும்போது, 'ஃபால்' என்பதன் இறந்தகாலமாக வரும் 'ஃபெல்' என்று அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.